ஆஃபென்சிவ் கோச் என்ன செய்கிறார்? பில் வால்ஷை வைத்து ஒரு பதில்

கேள்வி இது: “அமெரிக்கக் கால்பந்து அணிகளில் ஆஃபென்சிவ் கோச் என்று தனியாக ஒருவர் இருக்கிறாரே, அவர் கிரிக்கெட்டில் பேட்டிங் கோச் மாதிரியா? அந்த வேலைக்கு வருகிறவர் எப்படி மேலே ஏறித் தலைமைப் பயிற்சியாளர் ஆகிறார்?”

பேட்டிங் கோச் என்பது பாதிதான் சரி. பேட்டிங் கோச் வலையில் நின்று காலை எங்கே நகர்த்துவது என்று சொல்லித் தருவார். ஆட்டம் தொடங்கிவிட்டால் அவருக்குப் பெரிதாக வேலை இல்லை; பெவிலியனில் உட்கார்ந்து நகத்தைக் கடிக்கலாம். அமெரிக்கக் கால்பந்தில் ஆஃபென்ஸை, அதாவது பந்து கையில் இருக்கும்போது தாக்கி ஆடும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவருக்கு வேலை சூடுபிடிப்பதே ஆட்டம் தொடங்கிய பிறகுதான். பந்து யாரிடம் இருக்கிறதோ அந்த அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு. ஒரு முயற்சி முடிந்து அடுத்தது தொடங்க 40 விநாடி. நான் முதன்முதலில் பார்த்தபோது, இப்படி நின்று நின்று போகிற ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்று எரிச்சலாகத்தான் இருந்தது. அந்த நிற்கிற நேரத்தில்தான் கோச் ஆடிக்கொண்டிருக்கிறார் என்று புரிய இரண்டு சீசன் ஆனது.

அடுத்து என்ன ஆடுவது, பதினொரு பேரும் எங்கே நிற்பது, யார் எந்தப் பக்கம் ஓடுவது, எல்லாவற்றையும் பெரும்பாலும் கோச்தான் தேர்ந்தெடுக்கிறார். 1994-லிருந்து, பந்தை வாங்கி வீசுகிற குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது. கோச் அதில் சொல்வார். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். ஆக, சொல்ல வேண்டியதை இருபத்தைந்து விநாடிக்குள் சொல்லி முடிக்க வேண்டும். சொல்வது எப்படி இருக்கும் என்றால், “ஸ்பைடர் டூ ஒய் பனானா.” விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே இப்படி ஓர் ஆட்டத் திட்டம் உண்டு. முன்வரிசைக்காரர்கள் எப்படித் தடுத்து நிற்க வேண்டும் என்பது ‘ஸ்பைடர் டூ’. ‘ஒய்’ என்பது டைட் எண்ட் என்கிற ஆட்டக்காரர். ‘பனானா’ அவர் ஓட வேண்டிய பாதை: நேராகப் போய், வாழைப்பழம் போல வளைந்து வெளிப்பக்கம் போக வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கான திட்டங்கள். ஒவ்வொன்றிலும் பதினொரு பேருக்கும் தனித்தனி வேலை.

படிநிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிமட்டத்தில் வீடியோ வெட்டி, படம் வரைந்து கொடுக்கும் இளைஞர்கள். அடுத்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கோச்: முன்வரிசைக்கு, வீச்சைப் பிடிக்கும் ரிசீவர்களுக்கு, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குகளுக்கு, குவார்ட்டர்பேக்குக்கு. இவர்களுக்கு மேல், ஆஃபென்ஸ் முழுவதற்கும் பொறுப்பான ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர். எல்லாருக்கும் மேல் தலைமைப் பயிற்சியாளர். அவர் வேலை போனால் அவரோடு வந்த உதவியாளர்களில் பெரும்பாலோரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வாடகை வீட்டிலேயே பிள்ளைகள் வளர்கிற தொழில் இது.

ஆனால் காகிதத்தில் இருக்கிற இந்த ஏணியை வைத்துக்கொண்டு ‘எப்படி மேலே ஏறுவது’ என்பதற்குப் பதில் சொல்ல முடியாது. வேலையில் கெட்டிக்காரராக இருப்பதே ஒருவரை ஒரே படியில் உட்கார வைத்துவிடும். அதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் பில் வால்ஷ்.

1931-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். ஆட்டக்காரராகப் பெயர் எடுக்கவில்லை. சான் ஹோசே ஸ்டேட் கல்லூரியில் ஆடினார், குத்துச்சண்டையும் போட்டார். 1957-இல் ஃப்ரீமான்ட் ஊரில் ஒரு பள்ளிக்கூட அணிக்குக் கோச். பிறகு கலிபோர்னியா பல்கலைக்கழகம், ஸ்டான்ஃபோர்டு என்று உதவிக் கோச்சாக ஆறு வருஷம். 1966-இல் ஓக்லாந்து ரைடர்ஸ் அணியில் ஒரு வருஷம். தொழில்முறை ஆட்டத்தின் பந்து வீசும் முறைகளை அங்கேதான் ஆழமாகப் படித்தார். அடுத்த வருஷம் சான் ஹோசே அப்பாச்சிஸ் என்ற சின்ன லீக் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். அந்த அணியே சீக்கிரம் மூடப்பட்டது. முப்பத்தாறு வயதில் கையில் வேலை இல்லை.

1968-இல் சின்சினாட்டியில் பெங்கால்ஸ் என்ற புது அணி தொடங்கியது. தொடங்கியவர் பால் பிரவுன். இந்த விளையாட்டில் பெரிய மனிதர். ஆட்டக்காரர்களுக்கு வகுப்பு எடுத்து, நோட்டில் எழுத வைத்து, பரீட்சை வைத்தவர். அவரிடம் வால்ஷ் உதவிக் கோச்சாகச் சேர்ந்தார். எட்டு வருஷம் இருந்தார். பின்னாளில் உலகமே பேசிய அந்த ஆட்டமுறை பிறந்தது இங்கேதான், அதுவும் ஒரு விபத்தால்.

1969-இல் பெங்கால்ஸுக்கு கிரெக் குக் என்று ஒரு பையன் வந்தான். உள்ளூர்க்காரன், சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஆடியவன். நல்ல உயரம், பீரங்கி மாதிரி கை. அந்த முதல் சீசனில் அவன் வீசிப் பிடிபட்ட ஒவ்வொரு பந்தும் சராசரியாக 17.5 கெஜம் போனது. இந்த எண்ணிக்கை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒன்று சொன்னால் போதும்: இன்றைக்கு நல்ல குவார்ட்டர்பேக்குக்குப் பதினொன்று, பன்னிரண்டு வந்தாலே மகிழ்ச்சி. வால்ஷ் அவனை வைத்து நீண்ட வீச்சு ஆட்டத்தைக் கட்டத் தொடங்கினார். ஆனால் அந்த சீசனின் மூன்றாவது ஆட்டத்திலேயே, கான்சஸ் சிட்டி அணிக்கு எதிராக, குக்கின் தோளில் அடி. உள்ளே தசைநார் கிழிந்திருந்தது. அந்தக் காலத்து மருத்துவத்தில் அது சரியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. வலியோடே சீசனை ஆடி முடித்தான், லீக்கிலேயே சிறந்த குவார்ட்டர்பேக் என்று எண்ணிக்கையில் முதலிடமும் பிடித்தான். அதோடு சரி. அதற்குப் பிறகு ஒரே ஓர் ஆட்டத்தில் சிறிது நேரம் இறங்கியதைத் தவிர அவன் ஆடவே இல்லை.

குக்குக்குப் பதிலாக 1970-இல் வந்தவர் வெர்ஜில் கார்ட்டர். அவருக்குத் தூரம் வீச வராது. ஆனால் தலை நன்றாக வேலை செய்யும். ஆடிக்கொண்டே கணிதம் கற்பித்தவர். களத்தின் எந்த இடத்தில் பந்து இருந்தால் அதன் மதிப்பு எத்தனை புள்ளி என்று கணக்கிட்டு, ராபர்ட் மக்கோல் என்ற பேராசிரியரோடு சேர்ந்து 1971-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர். இன்றைக்கு டி.வி.யில் காட்டும் எதிர்பார்ப்புப் புள்ளிக் கணக்கெல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

சரி, கை வலு இல்லாத ஆளை வைத்து என்ன செய்வது? நீளவாக்கில் போக முடியாது என்றால் அகலவாக்கில் போவோம் என்றார் வால்ஷ். களம் 53 கெஜத்துக்குக் கொஞ்சம் அதிகமான அகலம். அந்த அகலம் முழுக்க ஐந்து பேரைப் பரப்பி விடு. ஆறு, ஏழு கெஜத்துக்குள் சின்னச் சின்ன வீச்சு. பிடிக்கிறவன் நின்று பிடிக்கக் கூடாது, ஓடிக்கொண்டே பிடிக்க வேண்டும். மிச்ச தூரத்தை அவன் கால் பார்த்துக்கொள்ளும். அதுவரை பந்தைக் கையில் வைத்து ஓடித்தான் எதிரணியைக் களைப்பாக்கி முன்னேறுவார்கள். அந்த வேலையை இந்தக் குட்டி வீச்சுகளை வைத்தே செய்தார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கால் கணக்கு. குவார்ட்டர்பேக் பந்தை வாங்கியதும் பின்னால் எத்தனை அடி வைக்க வேண்டும் என்பது ரிசீவர் முன்னால் ஓடும் தூரத்தோடு கட்டப்பட்டிருக்கும். மூன்று அடி வைத்தால் இந்தப் பாதை, ஐந்து அடி வைத்தால் அந்தப் பாதை. ஐந்தாவது அடியில் பின்கால் தரையில் ஊன்றும்போது முதல் ஆள் திரும்பப் போகிறான்; பந்து அப்போதே கையை விட்டுக் கிளம்ப வேண்டும். அவன் மறைக்கப்பட்டிருந்தால் ஒரு சின்னத் துள்ளல், அதே நேரத்தில் இரண்டாவது ஆள் திறந்த இடத்துக்கு வந்திருப்பான். இன்னொரு துள்ளல், மூன்றாவது ஆள். தாளக்கட்டு தப்பாத நட்டுவாங்கம் மாதிரி. கை வலு இல்லாதவன் நேரத்தை வைத்து அடிக்கிறான்.

1971-இல் கார்ட்டர் வீசியதில் 62.2 சதவீதம் பிடிபட்டது. லீக்கிலேயே அதுதான் முதலிடம். இரண்டுக்கு ஒன்று பிடிபட்டாலே போதும் என்றிருந்த காலம் அது. அதே வருஷம் அகஸ்டானா என்ற சின்னக் கல்லூரியிலிருந்து கென் ஆண்டர்சன் என்ற பையனை எடுத்து, அவனுக்கு இந்தக் கால் கணக்கை அடியிலிருந்து சொல்லிக் கொடுத்தார் வால்ஷ். 1974, 1975 இரண்டு வருஷமும் வீச்சுத் தரக் கணக்கில் ஆண்டர்சன்தான் முதலிடம். பின்னாளில் இந்த முறைக்கு ‘வெஸ்ட் கோஸ்ட் ஆஃபென்ஸ்’ என்று பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. பிறந்தது ஒஹாயோ நதிக்கரையில் இருக்கும் சின்சினாட்டியில். மேற்குக் கடற்கரைக்கும் அதற்கும் பிறப்பில் ஒரு தொடர்பும் இல்லை.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். ஆட்ட நாளில் வால்ஷ் மேலே, அரங்கத்தின் கண்ணாடி அறையில் இருப்பார். ஆட்டத்தைத் தேர்ந்து தொலைபேசியில் கீழே சொல்வார். அதை ஓர் ஆட்டக்காரரிடம் சொல்லி உள்ளே அனுப்புவது பால் பிரவுன். அரங்கத்தில் இருக்கும் கூட்டத்துக்குத் தெரிவது தொப்பி போட்ட பிரவுன்தான். மேலே இருந்தவர் குரல் யாருக்கும் கேட்காது.

1975-இல் பெங்கால்ஸ் 14 ஆட்டத்தில் 11 வென்றது. 1976 புத்தாண்டு அன்று பிரவுன் ஓய்வு அறிவித்தார். எட்டு வருஷம் ஆஃபென்ஸைக் கட்டிய வால்ஷ், அடுத்தது தான்தான் என்று நினைத்திருந்தார். பிரவுன் தேர்ந்தெடுத்தது முன்வரிசைக் கோச் பில் ஜான்சனை. அதைவிடக் கசப்பான விஷயம் பின்னால் தெரிந்ததாக வால்ஷ் சொல்லியிருக்கிறார்: மற்ற அணிகள் தன்னைப் பற்றி விசாரித்தபோதெல்லாம் பிரவுன் நல்லபடி சொல்லவில்லை என்று. பிரவுன் பக்கம் பார்த்தால், நல்ல உதவியாளரை யார் விட்டுக்கொடுப்பார்கள்? வால்ஷ் எவ்வளவுக்கு எவ்வளவு பயன்பட்டாரோ அவ்வளவுக்கு அவ்வளவு அந்த இருக்கையிலேயே இருக்க வேண்டியதாயிற்று. மூளைக்காரர், ஆனால் தலைவருக்கான திடம் இல்லை என்று ஒரு பேச்சும் கிளம்பியது. அலுவலகம் எதிலும் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது. ஜான்சன் 1978 சீசனில் முதல் ஐந்து ஆட்டமும் தோற்றுப் பதவி விலகினார் என்பது தனிக் கதை.

வால்ஷ் கிளம்பினார். 1976-இல் சான் டியேகோ சார்ஜர்ஸில் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர். அங்கே டான் ஃபவுட்ஸ் என்ற தடுமாறிக்கொண்டிருந்த குவார்ட்டர்பேக்கின் காலைச் சரிசெய்தார். ஃபவுட்ஸ் பின்னர், இந்த விளையாட்டின் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் வரை போனார். அடுத்த இரண்டு வருஷம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர். தொழில்முறை அணிகள் கதவைத் திறக்காததால் கல்லூரிக்குப் போய், அங்கே ஜெயித்துக் காட்டித்தான் அவர் திரும்ப வர வேண்டியிருந்தது. 1979-இல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் கூப்பிட்டது. வயது 47. பள்ளிக்கூட அணியில் தொடங்கி 22 வருஷம் ஆகியிருந்தது.

கிடைத்த அணியும் லேசுப்பட்டதல்ல. முந்தைய சீசனில் 16 ஆட்டத்தில் 2 வெற்றி. வால்ஷின் முதல் சீசனிலும் அதே 2. ஆனால் அந்தத் தோல்வி வருஷத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. ஸ்டீவ் டிபெர்க் என்ற குவார்ட்டர்பேக் 578 முறை வீசி 347 பிடிபட வைத்தார். இரண்டுமே அன்றைக்கு லீக் சாதனை. ஆஃபென்ஸ் ஓடத் தொடங்கிவிட்டது, அணிதான் தோற்றுக்கொண்டிருந்தது. ஸ்கோர்போர்டை மட்டும் பார்க்கிறவர் அந்த வருஷமே இவரை அனுப்பியிருப்பார். 1980-இல் முதல் மூன்று ஆட்டம் வென்று, பிறகு வரிசையாக எட்டுத் தோல்வி. எட்டாவது மியாமியில். திரும்பி வரும் விமானத்தில் வால்ஷ் உடைந்து அழுதார். ஆட்டக்காரர்கள் பார்த்துவிடக் கூடாது என்று உதவிக் கோச்சுகள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். வேலையை விட்டுவிடலாம் என்றுகூட அந்தப் பயணத்தில் நினைத்திருக்கிறார்.

அடுத்த சீசனில் 16-இல் 13 வெற்றி. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 1979 டிராஃப்டில், மூன்றாவது சுற்றில், 82-ஆவது ஆளாக எடுத்த ஜோ மான்டானா இப்போது குவார்ட்டர்பேக். கை ரொம்ப வலுவானது இல்லை என்று மற்றவர்கள் தயங்கிய ஆள். கார்ட்டரை வைத்துக் கட்டிய முறைக்கு இப்படி ஒருவரைத்தானே தேடிக்கொண்டிருந்தார்!

1982 ஜனவரி 10, டல்லாஸ் கௌபாய்ஸுக்கு எதிரான அரையிறுதி மாதிரியான ஆட்டத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஐந்து நிமிஷத்துக்கும் குறைவாக இருக்கிறது. 27-21 என்று டல்லாஸ் முன்னால். ஃபார்ட்டிநைனர்ஸ் இன்னும் 89 கெஜம் போக வேண்டும். எல்லாரும் வீச்சு வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். டல்லாஸ் பந்து பிடிப்பதைத் தடுக்கும் ஆட்களை அதிகமாக இறக்கி நிற்கிறது. வீச்சுக்கே பெயர்போன வால்ஷ் அங்கே ஓட்டத்தைக் கூப்பிட்டார். லென்வில் எலியட் என்ற ரன்னிங் பேக், அவரும் பழைய பெங்கால்ஸ்காரர்தான், பந்தை எடுத்து ஓடி ஓடிக் கெஜங்களைச் சேர்த்தார். கடைசியில் புள்ளிக் கோட்டுக்கு ஆறு கெஜம். ஆட்டத்தின் பெயர் ‘ஸ்பிரின்ட் ரைட் ஆப்ஷன்’. முதல் பாதியில் இதையே ஆடி ஃப்ரெடி சாலமனுக்கு வீசிப் புள்ளி எடுத்திருந்தார்கள். இந்த முறை சாலமன் வழுக்கினார். மான்டானா வலப்பக்கம் ஓட, மூன்று டல்லாஸ்காரர்கள் துரத்த, எல்லைக்கோட்டை நெருங்கியபோது உயரமாக ஒரு வீச்சு. பார்த்தவர்கள் பந்தை வெளியே எறிகிறார் என்று நினைத்தார்கள். டுவைட் கிளார்க் எட்டிக் குதித்து விரல் நுனியில் பிடித்தார். 28-27. மிச்சம் 51 விநாடி. அதிர்ஷ்டம் என்பார்கள் சிலர். முதல் ஆள் கிடைக்காவிட்டால் கிளார்க் பின்கோட்டோரமாக வருவான், அவனுக்கு மட்டுமே எட்டும் உயரத்தில் வீசு என்று வால்ஷ் பயிற்சியில் ஆட வைத்திருந்தார். அதிர்ஷ்டம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அது வருவதற்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்.

அடுத்து லீக்கின் இறுதி ஆட்டம், சூப்பர் பவுல். எதிரணி யார் தெரியுமா? சின்சினாட்டி பெங்கால்ஸ். அதன் உரிமையாளர் இடத்தில் பால் பிரவுன், குவார்ட்டர்பேக் கென் ஆண்டர்சன். வால்ஷ் அணிக்கு முன்னாலேயே தனியாக ஊர் போய்ச் சேர்ந்தவர், ஹோட்டல் வாசலில் பெட்டி தூக்கும் சிப்பந்தி உடையில் நின்று, வந்து இறங்கிய ஆட்டக்காரர்களின் பைகளைப் பிடுங்கப் பார்த்தார். ஆள் யார் என்று தெரியாமல் மான்டானா மல்லுக்கு நின்றார். ஆட்டத்தில் 26-21 என்று வால்ஷ் வென்றார். ஆனால் ஆண்டர்சன் 34 முறை வீசி 25 பிடிபட வைத்தார், அது அன்றைக்கு சூப்பர் பவுல் சாதனை. அதாவது அன்று களத்தின் இரண்டு பக்கமும் ஆடியது ஒரே வாத்தியாரின் பாடம்.

வால்ஷ் விட்டுச்சென்ற இன்னொரு பழக்கம், முதல் பதினைந்து, இருபது முயற்சிகளில் என்ன ஆடுவது என்று முந்தைய நாளே எழுதி வைப்பது. தொடக்கம் சின்சினாட்டியில்: எடுத்தவுடன் என்ன ஆடப் போகிறாய் என்று பிரவுன் கேட்பாராம், அதற்கு நாலைந்து எழுதினார். சான் பிரான்சிஸ்கோ வந்தபோது பட்டியல் 25 வரை போனது. எண்பதாயிரம் பேர் கத்தும்போது எடுக்கிற முடிவைவிட அமைதியான அறையில் எடுக்கிற முடிவு நன்றாக இருக்கும் என்பதுதான் காரணம். ஆட்டக்காரர்களும் முதல் நாள் இரவே படித்துவிட்டுத் தூங்கலாம். இப்போது கோச்சுகள் வாயை மறைத்துக்கொண்டு பிடித்திருக்கும் லேமினேட் அட்டையின் ஒரு மூலையில் அந்தப் பட்டியல் இன்றைக்கும் இருக்கிறது.

1985-இல் இரண்டாவது சூப்பர் பவுல். 1989 ஜனவரியில் மூன்றாவது, மறுபடி பெங்கால்ஸ். இந்த முறை எதிரணியின் கோச் சாம் வைச். சின்சினாட்டியில் வால்ஷிடம் குவார்ட்டர்பேக்காக இருந்து, பிறகு சான் பிரான்சிஸ்கோவில் அவருக்கு உதவிக் கோச்சாகவும் இருந்தவர். ஃபார்ட்டிநைனர்ஸ் 16-13 என்று பின்தங்கி, 92 கெஜம் நகர்ந்து, 34 விநாடி மிச்சம் இருக்கும்போது ஜான் டெய்லருக்கு ஒரு வீச்சு. 20-16. அதோடு வால்ஷ் அந்த வேலையை விட்டார். அவர் இடத்துக்கு வந்தது எதிரணியைத் தடுக்கும் பிரிவின் (டிஃபென்ஸ்) கோச், ஜார்ஜ் சைஃபர்ட். ஆஃபென்ஸை மைக் ஹோம்க்ரென் பார்த்துக்கொண்டார். அடுத்த வருஷமும் அவர்களுக்கே கோப்பை. வால்ஷ் 1993-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார், 2007-இல் இரத்தப் புற்றுநோயால் காலமானார்.

ஆக, மேலே ஏற ஒரே வழி உண்டா என்றால், இல்லை. ஹோம்க்ரென் 1992-இல் கிரீன் பே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனபோது ஆண்டி ரீட் என்ற இளைஞரை உதவிக்கு வைத்துக்கொண்டார். ரீட் முதலில் டைட் எண்ட் கோச், கடைசி இரண்டு வருஷம் குவார்ட்டர்பேக் கோச். 1999-இல் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்தது. பதினான்கு சீசன் கழித்து 4 வெற்றி, 12 தோல்வி என்று ஒரு வருஷம் போனதும் அனுப்பிவிட்டார்கள். சில நாளிலேயே கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் கூப்பிட்டுக்கொண்டது. அங்கே 2020, 2023, 2024 என்று மூன்று சூப்பர் பவுல். வால்ஷ் வழி ஆட்டத்தை வளர்த்தவர்களில் இன்றைக்கு முதலில் சொல்லப்படும் பெயர் அவர்தான். தலைமைப் பயிற்சியாளர் ஆவதற்கு முன்னால், தொழில்முறை அணி எதிலும் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் என்ற பதவியில் அவர் ஒரு நாள்கூட இருந்ததில்லை.